பார்ட் டைம் அம்மாவுக்கு முன்னுரிமை கிடையாது

மகளை கிண்டர்கார்டனில் சேர்க்கும் வருஷம் வந்தபோது நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. நான் வேலை பார்க்கும் பள்ளிதானே, இடம் கொடுக்காமலா போவார்கள் என்ற நினைப்பு.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தில், கேரி பக்கம். ஹெச்4 ஈ.ஏ.டி. (கணவரின் விசாவைச் சார்ந்து வந்தவர்களுக்கான வேலை அனுமதி) வந்ததும் ஒரு சார்ட்டர் பள்ளியில் வகுப்பு உதவியாளராகச் சேர்ந்தேன், வாரம் 25 மணி நேரம். சார்ட்டர் பள்ளி அரசுப் பணத்தில் நடப்பது, ஃபீஸ் கிடையாது, ஆனால் நிர்வாகம் தனி வாரியத்தின் கையில். மாநிலத்தில் எந்த மூலையில் குடியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். இடத்தைவிட விண்ணப்பம் கூடிவிட்டால் குலுக்கல். "பள்ளிக்கூடத்துக்கு லாட்டரியா?" என்று அப்பா போனில் சிரித்தார். நம்மூர் தனியார் பள்ளிகளில் ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) 25 சதவீத இடங்களுக்குக் குலுக்கிப் போடுகிறார்களே, அது மாதிரி, ஆனால் இங்கே பள்ளி முழுவதற்குமே என்றேன். "அப்போ டீச்சர் பிள்ளைக்கும் சீட்டுக் குலுக்குவாங்களாம்மா?" என்றார்.

அதற்குத்தான் மாநிலச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் உடன்பிறப்புக்கு முன்னுரிமை தரலாம். பள்ளியின் முழுநேரப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கும், நிர்வாக வாரிய உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கும் தரலாம். பணியாளர், வாரிய உறுப்பினர் ஆகிய இந்த இரண்டு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து பொதுவாக மொத்த மாணவர் எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 700 பேர் படிக்கிற பள்ளி என்றால் 105. 'தரலாம்' என்றுதான் சட்டம் சொல்கிறது, 'தர வேண்டும்' என்று அல்ல. அதனால் உங்கள் பள்ளியின் சேர்க்கை விதியில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் பள்ளியில் இருந்தது.

நான் கவனிக்காமல் விட்டது 'முழுநேர' என்ற அந்த ஒற்றை வார்த்தையைத்தான்.

ஜனவரி முதல் வாரம் ஹெச்.ஆரில் கேட்டேன். 25 மணி நேரம் பார்ட் டைம் கணக்கு, உனக்குப் பொருந்தாது என்று மென்மையாகச் சொல்லிவிட்டார்கள். அன்று மதியம் சாண்ட்விச் இறங்கவில்லை. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும், கிறிஸ்துமஸ் விடுமுறையோடு ஒரு முழுநேர உதவியாளர் வேலையை விட்டிருந்தார். அந்த இடத்துக்கு எழுதிப் போட்டேன். கணவர் மட்டும் முறுக்கிக்கொண்டார். "சின்னவன் டேகேருக்கு மாசம் எவ்வளவு ஆகும், கணக்குப் போட்டியா?" போட்டேன். சம்பளத்தில் கூடுவது டேகேரில் போய்விடும். இருந்தாலும் சேர்ந்தேன். குலுக்கல் நாளன்று முழுநேரத்தில் இருந்தால் போதும் என்பது எங்கள் பள்ளியின் விதி.

அடுத்து ஒரு சொதப்பல், முழுக்க என்னுடையது. ஆன்லைன் விண்ணப்பத்தை டிசம்பரிலேயே அனுப்பியிருந்தேன். அதில் 'பெற்றோர் இந்தப் பள்ளியின் பணியாளரா' என்ற கட்டத்தில் டிக் போடவில்லை. வேலை மாறிய பிறகும் அதைத் திருத்தத் தோன்றவில்லை. தினம் காலை 7:10க்கு 'குட் மார்னிங்' சொல்கிற ஆபீஸ் அம்மாவுக்குத் தெரியாதா என்ன! கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு தற்செயலாகப் பேச்சு வந்தது. அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு உன்னைத் தெரியும், சிஸ்டத்துக்குத் தெரியாதே." நின்ற இடத்திலேயே போனை எடுத்து விண்ணப்பத்தைத் திறந்து திருத்தினேன். ஹெச்.ஆர். கடிதத்தையும் ஏற்றிவிட்டேன். விரல் நடுங்கியதில் மகள் பிறந்த தேதியை இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

இன்னொரு கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது. ஈ.ஏ.டி. புதுப்பிப்பு தாமதமாகி என் வேலை போனால் மகளின் இடமும் போய்விடுமா? போகாது. முன்னுரிமை உள்ளே நுழைவதற்கு மட்டும்தான். ஒருமுறை சேர்ந்துவிட்ட பிள்ளை வருஷா வருஷம் மறுபடி விண்ணப்பிக்கத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. பிறகு சின்னவன் வரும்போது, அக்கா உள்ளே இருப்பதால் அவனுக்கு உடன்பிறப்பு முன்னுரிமை. அப்போது நான் அங்கே வேலையில் இருக்கிறேனா இல்லையா என்பது கணக்கிலேயே வராது.

இரட்டைப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். குலுக்கலில் இருவருக்கும் சேர்த்து ஒரே பெயர்தான் போகும். அது வந்தால் இருவருக்கும் இடம். எதிர்வீட்டுக்காரர் இது தெரியாமல், ஒருத்தி உள்ளே ஒருத்தி வெளியே ஆகிவிடுமோ என்று ஒரு மாதம் தூக்கம் கெட்டார்.

குலுக்கல் அன்று மாலை தோழி ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள். அவள் மகளும் என் மகளும் ஒரே வயது, ஒரே பரதநாட்டிய வகுப்பு. மெயில் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தது. என் மகளுக்கு இடம். அவள் மகளுக்கு வெயிட் லிஸ்ட் 187. "உனக்கென்னடி, நீ உள்ளாள்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனாலும் சுருக்கென்றது. காபியைச் சூடு பண்ணுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

நான் செய்தது தப்பென்று நினைக்கவில்லை. எங்கள் பள்ளி மாநில ஓய்வூதியத் திட்டத்தில் இல்லை. என்னோடு வேலை செய்யும் மூன்று ஆசிரியைகள் சம்பளத்துக்காக அங்கே இல்லை, பிள்ளைகள் கூடவே வந்து கூடவே போகலாம் என்பதற்காக இருக்கிறார்கள். பஸ் விடாத பள்ளியில் அது சின்ன விஷயம் இல்லை. வாரிய உறுப்பினர் பிள்ளைக்கும் அதே சலுகை என்பதுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. மாதம் ஒரு மீட்டிங்குக்கு வருகிறவரும், மூக்குச் சளி துடைத்துவிடுகிற நானும் ஒரே 15 சதவீதத்துக்குள்.

இடம் கிடைத்த பிறகு நடந்தது வழக்கமான காகித வேலை: கெடு தேதிக்குள் சம்மதம், பிறப்புச் சான்று, கரண்ட் பில், தடுப்பூசி அட்டை, டாக்டர் நிரப்பித் தர வேண்டிய உடல்நலப் படிவம்.

ஆகஸ்ட் வரை வெயிட் லிஸ்ட் நகர்ந்து 140க்கு வந்தது, அதோடு நின்றது. தோழியின் மகள் அவர்கள் பகுதி அரசுப் பள்ளிக்கே போகிறாள், நன்றாகத்தான் படிக்கிறாள். போன வாரம் நடன வகுப்பு வாசலில் காத்திருக்கும்போது தோழி மெதுவாகக் கேட்டாள்: "உங்க ஸ்கூல்ல ஃபுல் டைம் வேகன்சி ஏதாவது இருக்காடி?"