புகை நாட்கள்

ஆகஸ்ட் 9
காற்றில் புகையின் நுண்துகள், ஒரு கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று கருவி காட்டுவதைக் குறித்துவைக்கிறேன். வெளியே 140. அப்பா அறையில் 61. ஜன்னல் எல்லாம் சாத்தியாயிற்று.

ஆகஸ்ட் 10
இந்த ஒரு ஏர் ப்யூரிஃபையர் வீடு முழுவதற்கும் போதாது. அப்பா அறையை மட்டுமாவது காப்போம் என்று அங்கே வைத்து, கதவைச் சாத்தி, முழு வேகத்தில் ஓடவிட்டோம். ஜன்னல் இடுக்குகளில் டேப். வெயில் படும் பக்கம் ஒரு முனை மட்டும் பெயர்ந்துகொண்டே இருக்கிறது. நகத்தால் அழுத்தித் தேய்த்தால் கொஞ்ச நேரம் நிற்கிறது, அப்புறம் மறுபடி சுருள்கிறது. புகையில் இருப்பது 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள். அந்த முனை போதும் அதற்கு.

இரவு 28. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த வரம்பு, 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராம். பதினைந்துக்குக் கீழே வரணும்.

ஆகஸ்ட் 11
ராத்திரி அப்பா இருமவில்லை.

ஆகஸ்ட் 13
மருந்து வாங்கத் தம்பிதான் வெளியே போகிறான். துணி மாஸ்க்கோ ஈரக் கைக்குட்டையோ இந்தத் துகளைச் சரியாகத் தடுக்காது. என்95 குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும், ஆனால் முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். தாடிக்கு மேல் எங்கே உட்காரும்? நேற்று சொன்னேன், பேசாமல் எழுந்து போனான். இன்று காலை மழித்த முகத்தோடு வந்து நிற்கிறான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 14
திடீரென்று 70! சமையலறை எக்ஸாஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. அது உள்காற்றை வெளியே தள்ளத் தள்ள, இடுக்கு வழியாகப் புகை உள்ளே வரும். பொரிக்க வேண்டாம், வறுக்க வேண்டாம், மெழுகுவர்த்தி வேண்டாம். எத்தனை தடவை சொல்வது?

ஆகஸ்ட் 15
அறைக்குள் 34 டிகிரி. ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார் அப்பா. இந்த வயதில் வெக்கையும் ஆளைச் சாய்த்துவிடும். புகையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. நெற்றியில் ஈரத்துணி போட்டு, தண்ணீர் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். துகள் அளவு 19.

ஆகஸ்ட் 16
ஃபில்டரைக் கழற்றினேன். மடிப்புக்கு மடிப்பு கறுப்பு. இவ்வளவும் அப்பா நெஞ்சுக்குள் போயிருக்கும்.

ஆகஸ்ட் 17
விடியற்காலையில் காற்று திசை மாறியது. வெளியே 12! எல்லா ஜன்னலையும் திறந்து தேங்கிய புகையை வெளியேற்றினோம். ஒன்பது மணிக்கெல்லாம் மறுபடி 90. மறுபடி டேப்.

ஆகஸ்ட் 18
வெளியே 260. அறை 37, இறங்கவே மாட்டேன் என்கிறது. சித்தப்பா வீட்டுப் பக்கம் காற்று சுத்தமாக இருக்கிறதாம். காலையில் கிளம்புகிறோம். இன்ஹேலர், மருந்துச் சீட்டு, மாற்று மாஸ்க் எல்லாம் பையில். கார் ஏசியில் வெளிக்காற்று வராதபடி உள்சுழற்சியில் வைக்கத் தம்பியிடம் சொல்லணும்.