வாசலோரத்தில் குட்டை சூசன்

அமெரிக்காவின் மேரிலாந்துக்குக் குடிவந்த பிறகு என் மனத்தைப் பிடித்துக்கொண்ட பூ, பிளாக் ஐட் சூசன். 1918 முதல் இந்த மாநிலத்தின் மலரும் இதுதான். நம் ஊர் நர்சரிகளில் இதே பெயரில் கிடைக்கும் கொடி கனகாம்பரக் குடும்பம்; இது சூரியகாந்திக் குடும்பம்.

முன்பு வைத்திருந்த உயரமான ரகம் ஒரு மழைக்கே நடைபாதையில் சாய்ந்துவிடும். அதனால் சென்ற ஏப்ரல் கடைசியில் ‘லிட்டில் கோல்ட்ஸ்டார்’ என்ற குட்டை ரகத்தில் ஆறு செடிகள் வாங்கினேன். ஒன்றரை அடியைத் தாண்டாது. காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை வெயில் விழும் வாசலோரத்தில், களிமண்ணைக் கொத்தி இலைமக்கு கலந்து நட்டேன். ஓர் அடி இடைவெளி வேண்டும். வெறிச்சென்று இருக்கிறதே என்று அரை அடியில் நெருக்கி வைத்தேன்; அது தவறு.

ஜூலையில் அடி இலைகளில் கரும்புள்ளிகள். செப்டோரியா என்ற பூஞ்சை. மாலையில் குழாயைத் தூக்கிப் பிடித்து இலை நனைய ஊற்றியதும், காற்றுப் புகாத நெருக்கமும் அதற்கு வசதியாகிவிட்டன. புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போட்டேன், உரக்குழியில் போடவில்லை. இரண்டு செடிகளை மண்கட்டியோடு பெயர்த்துத் தள்ளி நட்டேன். தண்ணீர் காலையில், வேரடியில் மட்டும். புதுத் தளிர்கள் தப்பின.

ஆகஸ்டில் பூத்துக் குலுங்கியது. குனிந்து பார்த்தால் நேரம் போவதே தெரியாது. நடுவிலுள்ள கரிய குமிழ், நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கூட்டம். அடி வரிசை முதலில் விரியும், அடுத்து அதற்கு மேல் வரிசை. மஞ்சள் மகரந்த வளையம் ஒன்று நாளுக்கு நாள் மேலே ஏறிக்கொண்டே போகும். பச்சை உலோகம்போல் மின்னும் சிறு தேனீ ஒன்று அந்த வளையத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. இதழ்களின் அடிப்பாகம் புறஊதாக் கதிரை உறிஞ்சுவதால், நமக்கு முழு மஞ்சளாகத் தெரியும் இதழ் தேனீயின் கண்ணுக்கு அடிப்பக்கம் இருண்டு தெரியும்.

வாடிய தலைகளை நான் வெட்டவில்லை. அக்டோபரில் கோல்ட்ஃபின்ச் குருவிகள் தண்டில் தொற்றிக்கொண்டு விதை கொத்தின. கோடையில் பளீரென்றிருந்த ஆண்குருவியும் அதற்குள் நிறம் மங்கியிருந்தது.

இந்த ஏப்ரலில் ஆறும் துளிர்த்துவிட்டன. பக்கத்தில் விதை விழுந்து முளைத்த நாற்றுகளும் நிற்கின்றன. அவை தாயைப்போலக் குட்டையாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. நான்கைப் பின்வேலியோரம் மாற்றி நட்டிருக்கிறேன். உயர்ந்தாலும் அங்கே இடமிருக்கிறது.