அரை மில்லிமீட்டர் செய்த வம்பு

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கயிற்றைப் பிடித்து இழுத்தபோது, பால்கனியில் தொங்கவிட்டிருக்கும் கோரைப்பாய்ப் படுதா முதல்முறையாக இரண்டு பக்கமும் சமமாகச் சுருண்டு மேலே போய் நின்றது. நம்பிக்கை வராமல் இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, பதினொரு தடவை பார்த்துவிட்டேன். மூன்று வாரமாக என்னைப் படாதபாடு படுத்திய ஒரு சிறு பொருள் கடைசியில் சொன்னபடி கேட்டதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

நாங்கள் குடியிருப்பது கும்பகோணத்தில், மொட்டைமாடிக்கு நேர் கீழே அமைந்த இரண்டாம் மாடி வீடு. பரப்பு 450 சதுர அடி. கூடத்தை ஒட்டிய பால்கனி மேற்குப் பார்த்தது. இந்த இரண்டும் சேர்ந்தால் கத்திரி வெயிலில் என்ன ஆகும் என்பதை வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் சாவியைக் கொடுத்த அன்றே, "தம்பி, எது வேணா செஞ்சுக்குங்க, சுவத்துல ஆணி மட்டும் அடிச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டார். ஆகவே ஆணி, துளை, சிமெண்டு எதுவும் இல்லாமல், ஆயிரம் ரூபாய்க்குள், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே வரம்பு கட்டிக்கொண்டேன்.

திரைச்சீலை வாங்கி உள்ளே மாட்டுவதுதான் எளிய வழி. போன வருடம் அதைத்தான் செய்தேன்; பயன் இல்லை. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரைச்சீலை தடுத்தாலும், சூடேறிய துணி அந்தச் சூட்டைக் கூடத்துக்குள்ளேயே விட்டுவிடுகிறது. வெயிலை வீட்டுக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். அதற்கு வாய்ப்பாக, குரங்குத் தொல்லைக்காகப் பால்கனியின் கைப்பிடிச் சுவரிலிருந்து மேல்தளம் வரை வீட்டுக்காரர் ஏற்கெனவே இரும்புக் கம்பி அடைப்புப் போட்டிருக்கிறார். அந்தக் கம்பிக்கு வெளிப்புறமாகப் பாயைத் தொங்கவிட்டால், ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போதுகூடப் பாய் உள்ளே பறக்காமல் கம்பியின் மேல் சாய்ந்து நிற்கும். இதில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. குரங்குகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

வெட்டிவேர்த் தட்டி ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்டிவேர் குளிர்ச்சி தருவது அதில் தெளித்த நீர் ஆவியாவதால்தான். நீர் விரைவாக ஆவியாக வறண்ட காற்று வேண்டும். நம் ஊரில் வயலும் வாய்க்காலும், மாலையானால் வந்து சேரும் கடல் காற்றும் ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. மணம் கிடைக்கும், குளிர்ச்சி பாதிதான் கிடைக்கும். சொட்டும் தண்ணீர் கீழ்வீட்டு அம்மா காயப்போட்டிருக்கும் வற்றலில் விழும். அந்த வழக்கு எனக்கு வேண்டாம்.

சைக்கிளில் பாய் கட்டிக்கொண்டு தெருவில் விற்று வந்தவரிடம் ஆறடி நீளம், நான்கடி அகலமுள்ள பாய் ஒன்றை 550 ரூபாய்க்கு வாங்கினேன். கீழ்முனையில் சுருட்டுவதற்கு 32 மி.மீ. பிவிசி குழாய், மேல்முனையைக் கம்பியோடு பிணைக்கக் கேபிள் டை, துணி காயப்போடும் கொடிக்கு விற்கும் சிறு கப்பி இரண்டு, நைலான் கயிறு. கேபிள் டை வாங்குபவர்கள் வெள்ளையை விட்டுவிட்டுக் கறுப்பையே வாங்க வேண்டும். வெள்ளை வெயிலில் சீக்கிரம் காய்ந்து நொறுங்கிவிடும், கறுப்புக் கொஞ்சம் தாங்கும். கயிறு ஓட வேண்டிய வழி பழைய மூங்கில் படுதாக்களில் இருப்பதேதான்: மேலே கட்டப்பட்டுப் பாயின் பின்புறமாக இறங்கி, சுருளின் அடியைச் சுற்றி முன்புறமாக ஏறிக் கப்பிக்குள் நுழைந்து கைக்கு வருகிறது. இரண்டு அடி இழுத்தால் சுருள் ஓரடி ஏறும். பாரமும் பாதியாகத் தெரியும்.

முதல் நாளே தொல்லை தொடங்கியது. பாதி வரை ஒழுங்காகச் சுருண்ட பாய் அதற்கு மேல் வலப்பக்கம் உயர்ந்து, இடப்பக்கம் தாழ்ந்து, உச்சிக்குப் போகும்போது நாலரை அங்குலம் சாய்ந்து நின்றது. அந்த இடைவெளியில் ஒரு பக்கத்துக் கயிறு சுருளைவிட்டு வழுக்கி வெளியே வர, பாய் மொத்தமும் சரிந்து தொங்கியது. என் மனைவி எட்டிப் பார்த்து, "இது படுதாவா, காத்தாடியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முதலில் கயிற்றின் மேல்தான் பழி போட்டேன். நைலான் ஒரு பக்கம் நீண்டுவிட்டிருக்கும் என்று எண்ணி, இரண்டையும் அவிழ்த்து அளந்து மறுபடி கட்டினேன், அதே சாய்வு. பிறகு கப்பி. ஒன்றில் உராய்வு அதிகமோ என்று இடம் மாற்றி மாட்டினேன். சாய்வு பக்கம் மாறவில்லை. அப்போதே கயிறும் கப்பியும் குற்றமற்றவை என்று விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்கவில்லை. குழாய்க்குள் ஆற்று மணலை நிரப்பி இருபுறமும் அடைத்தேன். கனம் கூடினால் பாய் விறைப்பாக நிற்கும், நேராகச் சுருளும் என்பது கணக்கு. பாய் விறைப்பாகத்தான் நின்றது. விறைப்பாகவே சாய்ந்து சுருண்டது.

ஒரு வாரம் கழித்துச் சுருட்டிய பாயைக் கழற்றித் தரையில் கிடத்தி, முனைகளை நூலால் சுற்றி அளந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. வலது முனையின் விட்டம் 80 மி.மீ.; இடது முனை 71 மி.மீ. குழாயின் மேல் எட்டரைச் சுற்று, அதாவது விட்டத்தின் இரு பக்கமும் சேர்த்துப் பதினேழு அடுக்கு. விட்டத்திலிருந்து குழாயின் 32-ஐக் கழித்துப் பதினேழால் வகுத்தால், பாயின் கனம் வலது ஓரத்தில் ஏறத்தாழ 2.8 மி.மீ., இடது ஓரத்தில் 2.3 மி.மீ. வித்தியாசம் அரை மில்லிமீட்டர். கையால் தடவிப் பார்த்தால் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் கனமான பக்கம் கொஞ்சம் அதிகப் பாயை விழுங்கிக்கொண்டே போவதால், எட்டரைச் சுற்று முடியும்போது அது பன்னிரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. அதாவது, நான் கண்ட அந்த நாலரை அங்குலம்.

காரணம் கோரையிலேயே இருக்கிறது. கோரைத் தண்டு அடியில் பருத்து நுனியில் மெலியும். நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் குறுக்கே ஊடையாகக் கோரையைக் கொடுக்கும்போது, ஒன்றுக்கு அடி இந்தப் பக்கம், அடுத்ததற்கு அடி அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் இரண்டு ஓரமும் சமமாக இருக்கும். என் பாயில் அடிகள் எல்லாம் ஒரே பக்கம் வந்துவிட்டிருந்தன. உற்றுப் பார்த்தால் வலது ஓரம் வெளுப்பாகவும் தடிப்பாகவும் இருந்தது. மறுபடி தெருவில் வந்த பாய்க்காரரிடம் இதைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமாந்தம்பி, அடி ஒரே பக்கமாப் போயிடுச்சு. ஆனா மேல படுக்கிறவங்களுக்கு அது தெரியாதே" என்றார். நியாயமான பேச்சு. பாயைப் படுக்க விற்றவரிடம் படுதாவுக்காகச் சண்டை போட முடியுமா?

தீர்வாக முதலில் செய்தது பாதி சரி, பாதி தவறு. குழாயின் மெலிந்த முனையில் மட்டும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிப் பருமனாக்கினேன். முதல் இரண்டு மூன்று சுற்றுக்குப் பாய் நேராகப் போனது. பிறகு பழைய குணம் தலைகாட்டியது. குறை குழாயில் இல்லை, பாயின் ஒவ்வொரு அடுக்கிலும் இருக்கிறது. ஆகவே மருந்தும் ஒவ்வொரு அடுக்கிலும் போக வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. மெலிந்த ஓரம் முழுவதற்கும் மேலிருந்து கீழ்வரை அரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பட்டை தைத்துவிட்டால் போதும். அந்தக் கனத்தில் ஆறடிக்குக் கிடைக்கும் பொருள் என்ன?

பாவாடை நாடா! வீட்டிலேயே இருந்தது. பருத்தி நாடாவை ஓரத்தில் வைத்துக் கோணி ஊசியால் விரல்கடை தூரத்துக்கு ஒரு தையலாகப் போட்டேன். ஊசியைக் கோரைத் தண்டுக்குள் குத்தக் கூடாது, தண்டு பிளந்துவிடும். இரண்டு தண்டுகளுக்கு இடையில், ஓரத்துப் பாவு நூலைப் பிடித்துக்கொண்டு குத்த வேண்டும். இதை எழுதும்போது சுலபமாக இருக்கிறது. செய்யும்போது ஆறடிக்கு இரண்டு மாலைகள் போயின. உறுதிக்காக நாடாவை இரட்டையாக மடித்துத் தைத்ததில், மாட்டிப் பார்த்தால் சாய்வு இப்போது இடப்பக்கத்துக்கு மாறியிருந்தது. எரிச்சலோடு ஒரு மகிழ்ச்சியும் வந்தது. நோயைச் சரியாகப் பிடித்தாயிற்று, அளவுதான் கூடிவிட்டது. முழுவதையும் பிரித்து ஒற்றை நாடாவாகத் தைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நடந்தது அதுதான்.

செலவுக் கணக்கு: பாய் 550, குழாய் 130, கப்பி இரண்டும் 80, கயிறு 80, கேபிள் டை 60, நாடாவும் நூலும் 40, ஆக 940 ரூபாய். மணலுக்குக் காசு கொடுக்கவில்லை.

பாயை எந்தப் பக்கம் கட்டுவது என்பதிலும் ஒரு தவறு செய்தேன். பால்கனியின் திறப்பு ஏழடி, பாய் நான்கடி. முதலில் தெற்குப் பக்கம் கட்டினேன், கூடத்தில் வெயில் குறையவே இல்லை. கும்பகோணம் ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நடுப்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கிறது, மறைவதும் நேர் மேற்கில் இல்லாமல் வடக்கே தள்ளித்தான். ஆகவே கோடையில் மூன்று மணிக்கு மேல் வெயில் வடமேற்கிலிருந்து சாய்ந்து வருகிறது. பாயை வடக்கு ஓரத்துக்கு மாற்றிய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. நாலரை மணிக்குக் கூடத்து வெப்பமானியில் 37 பாகை காட்டியது இப்போது 35 காட்டுகிறது. இரண்டு பாகைதானே என்பார்கள். அந்த நேரத்தில் அடுப்படியில் நிற்பவரைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

ஆனால் இரவு பத்து மணிக்கு முன்பும் 34½, இப்போதும் 34½. இது படுதாவின் குற்றம் அன்று. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளத்தின் சூடு மெல்லக் கீழே இறங்கி வந்து சேரச் சில மணி நேரம் ஆகிறது. நாம் படுக்கப் போகும் நேரமும் அது வந்து சேரும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது. இந்த ஊரின் பழைய வீடுகளில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்புத் தளம் போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்தார்கள். எங்கள் தளத்தின் மேல் எதுவும் இல்லை, கறுத்துப் பாசி காய்ந்த சிமெண்டுதான். மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன். ஆணி அடிக்காத வேலை என்பதால் முகத்தில் கொஞ்சம் இளக்கம் தெரிந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் அதைத்தான் அடிக்க எண்ணம். இரண்டு நாள் ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்து மூன்று கை அடிக்க வேண்டும். ஐப்பசி மழையில் எவ்வளவு நிற்கும் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பாயையும் ஐப்பசிக்கு முன் கழற்றிவிட வேண்டும். ஈரம் பட்டுக் காயாமல் கிடந்தால் கோரை கறுத்துப் பூசணம் பிடித்துவிடும். நாடாவோடு சேர்த்துச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டால் அடுத்த பங்குனிக்கு இறக்கிக்கொள்ளலாம்.

அதற்கு முன், தெற்குப் பக்கத்தில் மீதமுள்ள மூன்றடி இன்னும் திறந்தே கிடக்கிறது. அதற்கான பாயை மறுபடி தெருவில் வாங்கப் போவதில்லை. மயிலாடுதுறை, சீர்காழி வழியாகக் கொள்ளிடம் போகும் சாலையில் தைக்கால் என்ற ஊரில் பிரம்பு நாற்காலிகளோடு கோரைப்பாயும் வரிசையாக விற்கிறார்கள். நேரில் போய், ஓரத்தைப் பிரித்துப் பார்த்து, அடியும் நுனியும் மாறி மாறி வந்திருக்கும் பாயாகத் தேர்ந்தெடுக்கலாம். கையோடு ஒரு சாண் குழாயும் எடுத்துக்கொண்டு போய்க் கடையிலேயே சுருட்டிப் பார்ப்பதாக உத்தேசம். கடைக்காரர் என்ன நினைப்பாரோ தெரியாது. அதுவரைக்கும் அந்த மூன்றடியில் என் பழைய எட்டு முழ வேட்டி ஒன்று கேபிள் டையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. காற்று அதை ஒதுக்கும்போதெல்லாம் வெயில் நேராகப் போய்க் குளிர்சாதனப் பெட்டியின் மேல் விழுகிறது.