கீழ் விளிம்பில் ஒரு கோடு தூசு

இன்று ஒரு அரசுப் பள்ளிக் கூரையில் பார்த்த சோலார் பேனல்கள். மேலே கண்ணாடி பளபளக்கிறது. கீழ் விளிம்பில் மட்டும் விரல் அகலத்துக்குத் தூசு காய்ந்து ஒட்டிக் கிடக்கிறது.

மின்சாரம் குறைய அந்தக் கோடே போதும்; தூசும் நிழல் போலத்தான். பேனல்களைத் தொடராக இணைத்திருந்தால், ஒன்றில் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையும் அடிவாங்கும்.

துடைக்க, வெயில் ஏறுமுன் வெறும் தண்ணீர், மெல்லிய துணி. சுட்ட கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.

பள்ளிக்குப் பேனல் வாங்க நன்கொடை கேட்டால் எல்லோரும் மனசாரக் கொடுக்கிறார்கள். அது 25 ஆண்டு உழைக்கும். பேனல் தரும் மின்சாரத்தை நாம் பயன்படுத்தும் ஏசி மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரையோ 10, 12 ஆண்டில் மாற்ற வேண்டி வரும். வசூலிலேயே ஒரு பங்கை அதற்கென்று தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள், தயவுசெய்து.

கொடுப்பவர்களிடம் இதையும் முன்பே சொல்லுங்கள்: பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த அமைப்பு, கரண்ட் போனால் தானாகவே நின்றுவிடும். பழுதில்லை. பேனலின் கரண்ட் லைனில் பாயாமல், கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு.