மொய்க்கு 43 லட்சம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் 19 வருஷமாகச் சம்பளப் பட்டியல் போடுகிறேன். மாதக் கடைசியில் பத்து நாள் தலை நிமிர முடியாது. மற்ற நாட்களில் என் மேஜைக்கு வருவது வேலையை விட்டுப் போகிறவர்களின் செட்டில்மென்ட். பிஎஃப், கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை, மிச்ச விடுப்புக்கான பணம், நோட்டீஸ் கொடுக்காமல் போனதற்கான பிடித்தம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு தாளில் அடக்கிவிடுவேன். ஒரு மனிதரின் இருபது, முப்பது வருஷம் அரைப்பக்கத்துக்கு மேல் வராது.

சின்னப் பையன்கள் வந்தால் ஒரே பேச்சுதான். "சார், பிஎஃப் எடுக்கணும்." ஐந்து வருஷம் ஆகவில்லை, வரி பிடிப்பார்கள், கம்பெனி மாறினாலும் மாறாத அதே யுஏஎன் என்ற பிஎஃப் நம்பரில் அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொள் என்று சொல்லிப் பார்ப்பேன். கேட்க மாட்டார்கள். பைக் வாங்கணும், அக்கா கல்யாணம், ஏதாவது ஒன்று இருக்கும். அவர்களைத் திட்டவும் எனக்கு வாய் வராது. முதல் வேலையை விட்டபோது கிடைத்த 38,000 ரூபாயில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கினவன்தான் நான். தொடாமல் மாற்றியிருந்தால் பிஎஃப் வட்டியிலேயே இன்று அது ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஃப்ரிட்ஜ் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது.

அடுத்தவர் கணக்கைப் போட்டுப் போட்டு, 2014-ல் எனக்கும் ஒரு எக்செல் தாள் திறந்தேன். அப்போது வயது 35. நாற்பத்தைந்தில் வேலையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பது திட்டம். பதினோரு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் அதே நாற்காலிதான்.

தாளின் அடிப்படை எல்லோருக்கும் தெரிந்த 25 மடங்கு கணக்கு. வருஷச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துவிட்டு, முதல் வருஷம் அதில் 4 சதவீதம் எடுத்துக்கொண்டு, பிறகு விலைவாசி ஏறும் அளவுக்கு ஏற்றிக்கொண்டே போகலாம். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல் எழுதிய கட்டுரையில் பிறந்தது இது. அவர் பார்த்தது அமெரிக்கப் பங்குச் சந்தை, அமெரிக்கப் பத்திரங்கள், அமெரிக்க விலைவாசி. மனதில் வைத்திருந்தது 30 வருஷ ஓய்வு. நான் 45-ல் வெளியே வந்தால் 85 வரை ஓட்ட வேண்டும். இங்கே விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினாலே பன்னிரண்டு வருஷத்தில் செலவு இரட்டிப்பு. அதனால் 4 சதவீதத்தை 3 ஆக்கிக்கொண்டேன், 25 மடங்கு 33 ஆனது. மாதம் 40,000 செலவுக்கு 25 மடங்கு என்றால் 1.2 கோடி, 33 மடங்கு என்றால் 1.58 கோடி. சதவீதத்தில் ஒரு புள்ளிதான், அதற்கு 38 லட்சம்.

2017-ல் தர ஆய்வுப் பிரிவில் இருந்த அண்ணன் ஒருவர் விஆர்எஸ், அதாவது விருப்ப ஓய்வு வாங்கினார். அவருக்கு வயது 51, சர்வீஸ் 26 வருஷம். கிராஜுவிட்டி கணக்கு சுலபமாகப் போனது: கடைசி அடிப்படைச் சம்பளம் 42,000, அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி மறுபடி 26 வருஷத்தால் பெருக்க வேண்டும். இரண்டு 26-ம் அடிபட்டு 6.3 லட்சம். "கணக்குகூட எனக்குத் தோதா வருது பாரு தம்பி" என்று சிரித்தார். பிஎஃப், விஆர்எஸ் தொகை எல்லாம் சேர்த்து 38 லட்சம் சொச்சம். பிஎஃப் பென்ஷன் 58-ல்தான் முழுதாக வரும், 50 தாண்டியவர் முன்கூட்டியே வாங்கினால் குறைகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் வெட்டு என்று சொன்னேன். "அந்தச் சில்லறை கிடக்கட்டும்" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து வாசலில் பார்த்தேன். பக்கத்துக் கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்திருந்தார். பாதிச் சம்பளம். பங்குச் சந்தையில் விட்டாரா, யாராவது ஏமாற்றினார்களா என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதெல்லாம் இல்லை. மாடியில் ஒரு போர்ஷன் எடுத்துக் கட்டினார், மச்சான் லாரி வாங்கக் கொடுத்தார், தங்கை மகள் நர்ஸிங் படிப்புக்குக் கட்டினார். "மாசாமாசம் சம்பளம் வாங்குறப்ப ஒருத்தரும் கேக்கல தம்பி. மொத்தமா வந்தது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. கையில வச்சுக்கிட்டு இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

அப்போது அதைக் கேட்டுக்கொண்டதோடு சரி. அவருக்குக் கறாராக இருக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டு என் தாளுக்குத் திரும்பினேன்.

எனக்கு முதல் அடி 2020 மார்ச்சில். அந்த 23-ம் தேதி சென்செக்ஸ் ஒரே நாளில் 3,935 புள்ளி விழுந்தது. ஜனவரியில் 42,000-ஐத் தொட்டது, அன்று 26,000-க்குக் கீழே முடிந்தது. மறுநாள் இரவு 21 நாள் ஊரடங்கு அறிவித்தார்கள். கம்பெனி லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, விட்டு விட்டு வரும் நெட்டில் மார்ச் சம்பளத்தை ஓட்டிக்கொண்டே, பக்கத்து ஜன்னலில் என் தாளையும் பார்த்தேன். ஜனவரியில் வேலையை விட்டிருந்தால் அரிசி பருப்பு வாங்க அடிமாட்டு விலைக்கு மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டை விற்றிருப்பேன். பெங்கனின் கவலையும் இதுதான்: ஓய்வின் முதல் சில வருஷங்களில் சந்தை விழுந்தால் பிறகு அது எழுந்தாலும், விற்றுத் தின்ற யூனிட் திரும்பி வராது. படித்தபோது புரிந்தது போலத்தான் இருந்தது. அன்று வயிற்றைப் பிசைந்தது. மனைவி எட்டிப் பார்த்து, "சம்பளம் போட்டாச்சுல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

சந்தை மீண்டது. நான் மூன்று வருஷச் செலவை ஃபிக்ஸட் டெபாசிட்டில் தனியாக ஒதுக்கிவிட்டு மறுபடி எண்ணத் தொடங்கினேன். போன வருஷம், இலக்கு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வந்ததும், செலவு வரியைச் சரிபார்க்கலாம் என்று மூன்று வருஷ வங்கிக் கணக்கை இறக்கினேன். சம்பளப் பட்டியல் போடுகிறவன் புத்தி, ஒத்துப்போகாத ரூபாயை விடாது. மாதம் 40,000 என்று எழுதியிருந்தது எங்கள் மூன்று பேரின் செலவு. வங்கியில் இருந்து போனதோ சராசரி 51,000.

மிச்சம் 11,000 எங்கே? சித்தப்பா மகள் சீமந்தம். ஊர்க் கோயில் கொடை வரி. பெரியம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பார்க்கப் போன கையோடு கொடுத்தது. ஒன்றுவிட்ட தம்பி செமஸ்டர் ஃபீஸ். அப்புறம் மொய், மொய், மொய். எதுவும் திட்டமிட்ட செலவு இல்லை, எந்த மாதமும் தப்பியதும் இல்லை. மாதம் 11,000 என்றால் வருஷம் 1.32 லட்சம். அதை 33-ஆல் பெருக்கினேன். 43.56 லட்சம்.

செட்டில்மென்ட் அண்ணன் ஞாபகம் வந்தது. அவர் கொடுத்ததை வைத்து அவரை எடை போட்டவன், அதே செலவைத் தாளில் எழுதாமலே பதினோரு வருஷம் ஓட்டியிருக்கிறேன். யாருக்கும் யாரும் இல்லாத ஒரு குடும்பத்துக்குத்தான் நான் திட்டம் போட்டிருந்தேன். (இன்னொரு வரியும் விடுபட்டிருந்தது. அப்பா அம்மா இருவரும் கம்பெனி குரூப் இன்சூரன்ஸில் இருக்கிறார்கள். என் கடைசி வேலை நாளோடு அது போய்விடும். எழுபது தாண்டியவர்களுக்குப் புது பாலிசி என்றால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.)

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது லேப்டாப்பை அப்பாவிடம் காட்டினேன். அவர் பள்ளி ஆசிரியராக இருந்து 2008-ல், 58 வயதில் ஓய்வு பெற்றவர். 2003 ஏப்ரல் முதல் அரசு வேலைக்கு வந்தவர்களுக்கு இல்லாத பழைய ஓய்வூதியம் அவருக்கு உண்டு. மாதம் 38,000, அகவிலைப்படி ஏற ஏற அதுவும் ஏறும். அதே 33 மடங்கில் பார்த்தால் ஒன்றரைக் கோடி. சந்தை விழுந்தாலும் அசையாத ஒன்றரைக் கோடி. இதைச் சொன்னதும் அம்மா பக்கம் திரும்பி, "கேட்டியா, நான் கோடீஸ்வரனாம்" என்றார்.

அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் படித்தார். மொய் வரியில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இதுல வரவு எங்கேப்பா?"

எழுந்துபோய் பீரோவிலிருந்து மொய் நோட்டை எடுத்துவந்தார். 2011-ல் என் வீடு கிரகப்பிரவேசத்துக்கு வந்ததெல்லாம் அவர் கையெழுத்தில், ஊர் வாரியாக. 501, 1,001, ஒரு குத்துவிளக்கு, அரை கிராம் காசு. கடைசிப் பக்கத்தில் கூட்டல்: 1,86,500. அந்தப் பணத்தில்தான் மரவேலைக்காரருக்குப் பாக்கியைத் தீர்த்தோம். நான் சுத்தமாக மறந்திருந்தேன்.

சென்னைக்கு வந்ததும் மொய்ச் செலவுக்குப் பக்கத்தில் வரவு என்று ஒரு பத்தி சேர்த்தேன். மகன் இப்போது ஒன்பதாவது படிக்கிறான். அடுத்த விசேஷம் எப்போது என்று எனக்குத் தெரியாது. இப்போதைக்குக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.