லேபிளைப் பார்: ஓர் எஸ்இலினக்ஸ் நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

நேற்று இரவு தளத்தின் கோப்புகளைப் புது சர்வருக்கு மாற்றினேன். காலையில் திறந்தால் 403, அதாவது பார்க்க அனுமதி இல்லை என்ற பிழை. அனுமதி எண்கள் கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755, எல்லாம் வழக்கம்போல்; உரிமையாளர் பெயரும் சரி. வெப் சர்வரான அப்பாச்சியின் கான்ஃபிகரேஷனை வரிவரியாக மூன்று முறை படித்தேன், தப்பே இல்லை. எரர் லாகில் அனுமதி மறுக்கப்பட்டது என்ற தகவல் மட்டும்தான். மறுத்தது யார் என்று அதில் இல்லை.

கூட வேலை பார்ப்பவர், "செட்என்ஃபோர்ஸ் 0 போட்டுப் பாருங்க" என்றார். எஸ்இலினக்ஸ் தடுப்பதைத் தற்காலிகமாக நிறுத்தும் கட்டளை அது. போட்டதும் தளம் வந்துவிட்டது. அப்போ மறுத்தது எஸ்இலினக்ஸ்தான்: எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்பதை, ஒட்டியிருக்கும் லேபிளையும் பாலிசி என்ற விதித்தொகுப்பையும் பார்த்து முடிவு செய்யும் லினக்ஸ் காவல். "அப்படியே விட்டுடுங்களேன்" என்றார். எனக்கு மனசு வரவில்லை, உடனே 1 போட்டேன். 0 தரும் பர்மிசிவ் நிலை, அதாவது தடுக்காமல் லாகில் மட்டும் எழுதும் நிலை, காரணத்தைத் தேடுவதற்கு மட்டும்தான். நாளைக்கே அப்பாச்சியில் ஓர் ஓட்டை வழியாக யாராவது நுழைந்தால், அவர் கை எட்டும் தூரத்தைக் குறுக்கி வைப்பது இந்தக் காவல்தான். 2003இலேயே லினக்ஸ் கர்னலுக்குள் வந்துவிட்ட ஒன்று. இன்னமும் பலருக்கு முதலில் தோன்றுவது அதை அணைப்பதுதான் என்பது வருத்தமாக இருக்கிறது.

மார்ச் 5, புதன்

ஏயூசர்ச் என்ற தேடும் கட்டளையை ஓட்டி ஆடிட் லாகிலிருந்து ஏவிசி வரிகளை, அதாவது எஸ்இலினக்ஸின் மறுப்புப் பதிவுகளை, எடுத்தேன். ஒரே ஒரு வரியை மெதுவாகப் படித்தேன். டினைட் (மறுப்பு), அடைப்புக்குறிக்குள் ரீட் (படிக்க), கேட்டது எச்டிடிபிடி (அப்பாச்சியின் நிரல்), கோப்பின் பெயர், கேட்டவரின் லேபிளான எஸ்கான்டெக்ஸ்டில் எச்டிடிபிடி_டி, கோப்பின் லேபிளான டிகான்டெக்ஸ்டில் யூசர்_ஹோம்_டி. யார், எதை, என்ன செய்யப் போனார் என்பது அத்தனையும் அதில் இருக்கிறது.

யூசர்_ஹோம்_டி எப்படி வந்தது? ஹோம் கோப்புறையில் வைத்துப் பிரித்த கோப்புகளை எம்வி கொடுத்து நகர்த்தியிருந்தேன். எம்வி பழைய லேபிளோடு தூக்கிக்கொண்டு போகும். சாதாரணமாக சிபி கொடுத்து நகலெடுத்திருந்தால் போய்ச் சேர்ந்த இடத்தின் லேபிள் ஒட்டியிருக்கும். எல்எஸ் கட்டளையோடு பெரிய இசட் சேர்த்துப் பார்த்தேன், எல்லாக் கோப்பிலும் அதே லேபிள். பாலிசி சொல்லும் லேபிளைத் திரும்ப ஒட்டும் ரெஸ்டோர்கானை ஓட்டியதும் ஒவ்வொன்றாக, தளக் கோப்புகளுக்கான எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி ஆகிக்கொண்டே வந்தது. தளம் திறந்தது. பாலிசியில் ஒரு வரிகூட மாற்றவில்லை.

மார்ச் 6, வியாழன்

படங்கள் மட்டும் வரவில்லை. அவை சிஸ்டத்தின் மேல்மட்டக் கோப்புறையான ரூட்டுக்கு நேர் கீழே நானே உருவாக்கிய 'டேட்டா' கோப்புறையில் இருக்கின்றன. லேபிள் டிஃபால்ட்_டி. ரெஸ்டோர்கான் ஓட்டியும் மாறவில்லை. யோசித்தால் அது சரிதான். அந்தப் பாதையைப் பற்றி பாலிசிக்கு ஒன்றும் தெரியாது, தெரியாத இடத்துக்கு அது தரும் லேபிளே டிஃபால்ட்_டிதான்.

கோப்பின் லேபிளை நேரடியாக மாற்றும் சிஎச்கான் போட்டால் இப்போதைக்கு ஓடும், ஆனால் அடுத்த முறை முழு சிஸ்டத்துக்கும் லேபிள் ஒட்டும்போது போய்விடும். அதனால் செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் கொடுத்து, அந்தக் கோப்புறைக்கும் அதற்குள் இருக்கும் அனைத்துக்கும் எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி லேபிள் என்று பாலிசியில் பதிந்தேன். அது விதியை எழுதி வைப்பதோடு சரி, கோப்பைத் தொடாது. அப்புறம் ரெஸ்டோர்கானை ஓட்ட வேண்டும். பலரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

மார்ச் 7, வெள்ளி

வேறு வேலை. மாலையில், படம் ஏற்ற முடியவில்லை என்று தகவல் வந்தது.

மார்ச் 8, சனி

இந்த முறை ஏவிசி வரியில் அடைப்புக்குறிக்குள் ரைட், அதாவது எழுத. சிஸ்_கன்டென்ட் லேபிள் படிக்க மட்டும்தான். மறுப்புகளை அனுமதி விதிகளாக மாற்றும் ஆடிட்2அல்லோவிடம் லாகைக் கொடுத்தால், பாலிசியில் ஏற்றும் மாட்யூலே செய்து தந்துவிடும். அது எழுதும் விதிகளை முதலில் திரையில் பார்த்தேன். லாகில் புதன்கிழமை வரிகளும் இருந்ததால், யூசர்_ஹோம்_டி கோப்புகளை எச்டிடிபிடி படிக்கலாம் என்ற விதியும் சேர்ந்து வந்தது. ஏற்றியிருந்தால் அந்த லேபிள் உள்ள ஹோம் கோப்புகளைப் படிக்கவிடாமல் அப்பாச்சியைத் தடுக்கும் பாலிசிச் சுவரே போயிருக்கும். பார்த்த நிமிஷம் திக்கென்றது.

மாட்யூல் வேண்டாம். படம் ஏற்றும் உள்கோப்புறைக்கு மட்டும், எழுதவும் விடும் எச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கன்டென்ட்_டி என்று பதிந்து, ரெஸ்டோர்கானை ஓட்டினேன். ஒரு படத்தை ஏற்றினேன், ஏறியது. ஏயூசர்ச்சில் புது மறுப்பு எதுவும் இல்லை. இப்போதைய நிலை என்ன என்று கெட்என்ஃபோர்ஸ் கேட்டேன்: என்ஃபோர்சிங், காவல் இயங்குகிறது.