பூனை ஏறாத கிறிஸ்துமஸ் மரம்: இந்த டிசம்பரில் செய்து பார்த்தது

எங்கள் புதூர் வீட்டில் இரண்டு பூனைகள். வயசான சாம்பல்காரிக்கு மரம் ஒரு பொருட்டே இல்லை. அவள் மகன் கருப்பன்தான் பிரச்சினை. ஒரு வயசுகூட ஆகவில்லை, தொங்குவது எதுவாக இருந்தாலும் இழுத்தாக வேண்டும்.

முதலில் ஐந்தடி பிளாஸ்டிக் மரத்தை மொட்டையாக நிறுத்தி அப்படியே விட்டேன். புது வாசனை போகட்டும், ஏறுகிற ஆசையும் தீரட்டும் என்று. தாங்குகாலின் மேல் செங்கல் அடுக்கி, நடுத்தண்டைத் தூண்டில் நரம்பால் ஜன்னல் கம்பியோடு கட்டினேன். கருப்பன் ஏறினான், மரம் ஆடியது, சாயவில்லை. இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தும் புண்ணியமில்லை. பக்கத்தில் இருந்த சோபாவையும் நகர்த்திவிட்டேன். அவன் பாய்வதே அதன் கைப்பிடியிலிருந்துதான்.

அடுத்து வாசனை வைத்தியம். ஆரஞ்சுத் தோலை அடிக்கிளைகளில் செருகினேன். ஈரமாக இருந்தவரை மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒதுங்கினான். மறுநாள் சாயங்காலம் காய்ந்த தோலை ஹால் முழுக்க உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். "அந்துருண்டை போடுங்க தம்பி, கிட்டவே வராது" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. வேண்டாங்க்கா என்றேன். நாப்தலின் பூனைக்கு விஷம். ஆரஞ்சு எண்ணெயைத் தெளிப்பதும் ஆகாது. ரோமத்தில் பட்டதைப் பூனை நக்கி உள்ளே தள்ளிவிடும், அதை முறிக்கிற வேலை அதன் ஈரலுக்குச் சரியாக வராது.

ஜிகினாச் சரத்தை இந்த வருஷம் பரணிலிருந்து இறக்கவே இல்லை. அழகு போனாலும் போகட்டும். பூனை நாக்கில் முள் உள்நோக்கி இருப்பதால் வாயில் சிக்கிய இழையைத் துப்ப வராது, விழுங்கத்தான் செய்யும். ஒரு முனை நாக்கடியிலோ வயிற்றிலோ மாட்டிக்கொண்டால், பாவாடை நாடாவை இழுத்ததுபோல் குடல் சுருங்கிவிடும். சில சமயம் குடல் கிழிந்தும் போகும். பெரும்பாலும் ஆபரேஷன்தான். வாயிலோ பின்பக்கமோ நுனி தெரிந்தால் இழுக்கக் கூடாது, நேரே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

அதனால் கீழ்ப்பாதிக்குப் பனையோலை நட்சத்திரமும் துணிப் பொம்மையும் மட்டும். கண்ணாடிக் குண்டுகள் உச்சியில். எதையும் தொங்கவிடாமல் கிளைக்கம்பியை வளைத்து இறுக்கிவிட்டேன். ஆடாத பொருளைக் கருப்பன் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓலை நுனியை மட்டும் அவ்வப்போது கடிக்கிறான், கடிக்கட்டும். சீரியல் லைட் ஒயரைத் தரையிலிருந்து பிளக் வரை ஒயரிங் பைப்புக்குள் விட்டாயிற்று. ஆள் இல்லாத நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம்.

மரம் அடங்கியது, குடில் ஆரம்பித்தது. அம்மா கேழ்வரகு விதைத்துப் பச்சை எடுத்திருந்தார். விளாச்சேரியில் வாங்கிய மண் சுரூபங்கள் அதன் நடுவில். ஒருநாள் காலையில் பார்த்தால் பச்சையில் பாதி மேய்ந்தாயிற்று. வைக்கோலில் சாம்பல்காரி சுருண்டு படுத்திருக்கிறாள், இடையர் ஒருவர் குப்புறக் கிடக்கிறார். மரத்தைச் சீண்டாத மகராசி! "மாட்டுத் தொழுவம்னா பூனை இல்லாமலாடா இருந்திருக்கும்?" என்று அம்மா அவளுக்கே வக்காலத்து.

விரட்டிப் பலன் இல்லை. தனியாக ஒரு தட்டில் கம்பு விதைத்து அடுப்படி ஜன்னலில் வைத்தேன். அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டுக் குடிலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். பெட்டிக்கு அவள் அன்றைக்கே குடிபோய்விட்டாள். குடில் பச்சையில் இன்னும் வாய் வைக்கிறாள், ஆனால் குறைவு. சுரூபங்களுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியதில் லேசான இடிக்கு நகர்வதில்லை.

கருப்பனுக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் துணி எலியைக் கயிற்றில் கட்டி ஓடவிடுகிறேன். மூச்சு வாங்க ஓடிவிட்டுத் தின்றால் தூங்கிப்போகிறான். விளையாட்டு முடிந்ததும் கயிறு அலமாரிக்குள் போய்விட வேண்டும், அதுவும் ஜிகினா மாதிரிதான். 24ஆம் தேதி ராத்திரி எல்லாரும் பூசைக்குப் போய்விடுவோம். அன்றைக்கு மட்டும் இரண்டும் படுக்கையறையில், மண்தொட்டியும் தண்ணீரும் வைத்துக் கதவைச் சாத்தி.